லாரி கார்ல்டன்: கூலிக்கு மாரடித்தவரா?

பிப்ரவரி 11 (வந்த கேள்வி)

ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ் டிவி தொடரோட தீம் மியூசிக் அமெரிக்கக் கிட்டார்காரர் லாரி கார்ல்டன் போட்டதுதானே? எனக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் அடிக்கடி சொல்வார், நல்ல ஜாஸ் கை, ஸ்டுடியோ, டிவி என்று போய்க் கூலிக்கு மாரடித்து வீணாகிவிட்டது என்று. தெரிந்தவர்கள் சொல்லவும்.

பிப்ரவரி 11, இரவு

தீம் எழுதியது மைக் போஸ்ட். 1981 ஜனவரியில் என்.பி.சி.யில் தொடர் தொடங்கியது. அந்தத் தீமைக் கொஞ்சம் நீட்டித் தனி ரெக்கார்டாகப் போட்டார்கள். அதில்தான் கார்ல்டனின் கிட்டார் பேசும். உறையிலேயே போஸ்ட் பெயருக்குப் பக்கத்தில் இவர் பெயரும் இருக்கும். பில்போர்டில் 10ஆம் இடம் வரை ஏறியது. கிராமி இரண்டு வந்தது. எழுதியதற்கான கிராமி போஸ்டுக்கு, வாசித்ததற்கானது இருவருக்கும்.

கார்ல்டன் பெயரில் இருக்கிற டிவி தீம் வேறு. ஹூஸ் தி பாஸ், ஏ.பி.சி., 1984 முதல் 1992 வரை. ராபர்ட் கிராஃப்டும் இவரும் சேர்ந்து மெட்டுப் போட்டார்கள். வரிகள், தொடரை உருவாக்கிய மார்ட்டின் கோஹனும் பிளேக் ஹன்டரும். கேட்டுப் பாருங்கள். இவர் கை இதில் இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். குடும்பம் சோபாவில் உட்கார்ந்து சிரிக்கிற தொடருக்கு என்ன வேண்டுமோ அது.

அதே 1984இல் அகெய்ன்ஸ்ட் ஆல் ஆட்ஸ் படத்துக்கு மிஷேல் கொலம்பியரோடு சேர்ந்து பின்னணி இசை. ஃபில் காலின்ஸ் பாட்டு ஊரெல்லாம் பிரபலமாகி, அந்தப் படத்துக்குப் பின்னணி இசை என்று ஒன்று இருந்ததே பலருக்கு ஞாபகமில்லை.

பிப்ரவரி 12

மாஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஜாஸில் இருந்தவர் ஸ்டுடியோவுக்கு "போனார்" என்கிற கதையே இவருக்குப் பொருந்தாது. 1948இல் கலிபோர்னியாவின் டொரன்ஸில் பிறந்தவர். ஆறு வயதில் கிட்டார். 1968இல் முதல் ஆல்பம், அதுவும் அன்றைய ஹிட் பாட்டுகளைக் கிட்டாரில் வாசித்ததுதான். 1971இல் க்ரூசேடர்ஸ் என்கிற ஜாஸ் குழு. 70களின் முதல் பாதியில் ஆண்டுக்கு 500 ரெக்கார்டிங் வரை வாசித்தார் என்று அவர் தரப்பிலேயே சொல்வார்கள். இரண்டும் ஒரே காலத்தில் நடந்தவை. எங்கே இருந்து எங்கே போனார்?

இன்னொன்று. க்ரூசேடர்ஸ் யாரென்று பாருங்கள். ஜோ சாம்பிள் பியானோ. வில்டன் ஃபெல்டர் டெனர் சாக்ஸ். அந்த ஃபெல்டர்தான் பகலில் பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போய் ஜாக்சன் 5 குழுவின் ஐ வான்ட் யூ பேக் பாட்டுக்கு வாசித்தவர். சின்ன மைக்கேல் பாடுகிற பாட்டுக்குக் கீழே ஓடுகிற அந்த பேஸ் ஒரு ஜாஸ் சாக்ஸ்காரர் கை. அவரையும் வீணாகப் போனவர் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள் மாஸ்டரை.

பிப்ரவரி 12, கொஞ்ச நேரம் கழித்து

500 என்பதை வகுத்துப் பார்த்தேன். ஞாயிறு விட்டால் ஒரு நாளைக்கு ஒன்றரைக்கு மேல். கிட்டாரை எப்போது சுருதி சேர்த்தார், எப்போது சாப்பிட்டார்?

பிப்ரவரி 14

ஸ்டுடியோ வேலை என்றால் என்ன என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு செஷன் என்பது பெரும்பாலும் மூன்று மணி நேரம். சங்கம் நிர்ணயித்த கூலி. கையில் பேப்பர் வரும். சில சமயம் முழு நோட்டேஷன், பல சமயம் வெறும் கார்ட் சார்ட், அதாவது எந்த இடத்தில் எந்தக் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) என்று மட்டும் எழுதின தாள். பாட்டை அப்போதுதான் முதல் முறை பார்ப்பீர்கள். சிவப்பு விளக்கு எரியும்போது பக்கத்தில் இருக்கிற டிரம்மர் உலகத்தில் முதல் ஐந்து பேரில் ஒருவராக இருப்பார். தப்பினால் அவர் உட்பட எல்லாரும் திரும்ப வாசிக்க வேண்டும்.

நான் இங்கே சென்னையில் கொஞ்ச காலம் சீரியல் வேலைக்குக் கிட்டார் வாசித்திருக்கிறேன், கால்ஷீட் கணக்கில். என் தகுதி அவ்வளவுதான், ஒப்பிட வரவில்லை. ஒன்று மட்டும் உடம்பில் தெரியும். வீட்டில் மணிக்கணக்காக வாசிப்பதில் பாதி, ஹெட்போனில் "ரெடி" என்று கேட்டதும் மறந்து போகும். மிச்சம் நிற்பது எதுவோ அதுதான் உங்கள் சரக்கு. அப்போது மூளை "இந்த லிக்கைப் போடு, அந்த லிக்கைப் போடு" என்று ஆசை காட்டும் (லிக் என்றால் கைக்குப் பழகிய சின்ன சுரத் துணுக்கு). அதைக் கேட்டால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள். இதே நெருக்கடியில்தான் கார்ல்டன் ஆண்டுக்கணக்காக இருந்தார். அவர் வாசிப்பில் சும்மா வருகிற சுரம் ஒன்றுகூட இல்லாததற்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி.

பிப்ரவரி 15

பாடகி ஜோனி மிட்செல் ஆல்பங்களை ஏன் யாரும் சொல்லவில்லை? கோர்ட் அண்ட் ஸ்பார்க், 1974. தி ஹிஸ்ஸிங் ஆஃப் சம்மர் லான்ஸ், 1975. ஹெஜிரா, 1976. மூன்றிலும் இவர்.

அந்தம்மாவுடைய கிட்டார் பெரும்பாலும் வழக்கமான சுருதியில் இருக்காது. ஒவ்வொரு பாட்டுக்கும் கம்பியை வேறு மாதிரித் தளர்த்தி வைத்திருப்பார். கார்டுக்குப் பெயர் சொல்லத் தெரியாது, சொல்லவும் விரும்ப மாட்டார். அதற்கு மேல் இன்னொரு கிட்டார் வாசிப்பது என்றால் ராக்காரர்கள் ஓடிப்போவார்கள்.

ஹெஜிராவில் அமீலியா பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்ஸ் கிடையாது. பேஸ் கிடையாது. ஜோனி கிட்டார், விக்டர் ஃபெல்ட்மன் வைப்ரஃபோன், கார்ல்டன். ஆறு நிமிடம். வால்யூம் பெடலைக் காலால் மூடிவிட்டுக் கம்பியைத் தட்டி, மெதுவாகத் திறப்பார். தட்டின சத்தம் கேட்காது, சுரம் மட்டும் எங்கிருந்தோ வந்து நிற்கும். சோலோ என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. எடுத்துவிட்டால் பாட்டு பாதியாகிவிடும். நான் நெடுஞ்சாலையில் இரவு பஸ்ஸில் இதைக் கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் சொன்னால் கவிதை ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

கோர்ட் அண்ட் ஸ்பார்க் வந்த பிறகு ஜோனி எல்.ஏ. எக்ஸ்பிரஸ் குழுவோடு ஊர் ஊராகப் போனபோது கார்ல்டன் போகவில்லை. ஸ்டுடியோ வேலை இருந்தது. அந்த இடத்துக்கு வந்தவர் ராபென் ஃபோர்ட் என்கிற பையன். ஒருவர் லீவு போட்டதில் இன்னொருவருக்கு வாழ்க்கை. பல வருடம் கழித்து இருவரும் டோக்கியோவில் சேர்ந்தே ஒரு லைவ் ஆல்பம் போட்டார்கள்.

பிப்ரவரி 17

எல்லாரும் காத்திருக்கிற இடத்துக்கு வருவோம். ஸ்டீலி டான் குழுவின் தி ராயல் ஸ்காம் ஆல்பம், 1976. முதல் பாட்டு கிட் ஷார்லமேன்.

பாட்டு எல்.எஸ்.டி. காய்ச்சி விற்ற ஒரு ஆளைப் பற்றி. பெர்னார்ட் பர்டி டிரம்ஸ், சக் ரெய்னி பேஸ். நடுவில் வரும் சோலோ ராக் கிட்டார் வரலாற்றில் எங்கே பட்டியல் போட்டாலும் இடம் பிடிக்கும். அதை எப்படி எடுத்தார்கள் என்று கார்ல்டனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் வாசித்த சோலோக்கள் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு முறை வாசித்ததில் முதல் பாதி ஸ்டீலி டானின் இரண்டு தலைகளான ஃபேகனுக்கும் பெக்கருக்கும் பிடித்துப்போனது. அதை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டாம் பாதியைப் பஞ்ச் பண்ணி, அதாவது அந்த இடத்திலிருந்து மட்டும் திரும்பப் பதிந்து, ஒட்டினார். பாட்டு முடிந்து மங்கும்போது வருகிற சோலோ மட்டும் ஒரே வீச்சு.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒட்டு எங்கே என்று தேடித் தேடிக் கேட்டேன். தெரியவில்லை. கேட்கிறவனுக்கு ஒரே மூச்சு.

இதை ஏன் கிட்டார்காரர்கள் கும்பிடுகிறார்கள் என்றால், கீழே கார்டுகள் வேகமாக மாறிக்கொண்டே இருக்கின்றன. ராக் வாசிக்கிறவர் அங்கே ஒரே ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு சமாளிப்பார். அல்லது கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சுளிப்பார். ஜாஸ் வாசிக்கிறவர் எல்லாக் கார்டையும் தொட்டுவிடுவார், ஆனால் பரீட்சை எழுதுகிற மாதிரி இருக்கும். கார்ல்டன் ஒவ்வொரு கார்டுக்கும் உள்ளிருந்தே சுரம் எடுக்கிறார், அதை ப்ளூஸ்காரர் மாதிரி இழுத்து, குழைத்து, பாடுகிறார். கணக்கும் சரி, அழுகையும் சரி.

நான் இதைக் கற்றுக்கொள்ளக் கேசட்டை ரீவைண்ட் பண்ணிப் பண்ணி டேப் தேய்ந்தது. இப்போது சுரம் எல்லாம் கைக்கு வரும். வாசித்துக் காட்டினால் என் மனைவி "நல்லா இருக்கு, ஆனா அவசரமா எங்கயோ போறீங்க" என்கிறாள். விமரிசனம் இவ்வளவுதான், எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 17, நள்ளிரவு

ஸ்டீலி டானின் பெக் பாட்டு சோலோவும் இவர்தானே என்கிறார் ஒருவர். இவர் இல்லை ஐயா. அது ஜே கிரேடன். ஆஜா ஆல்பம், 1977. வரிசையாகப் பல கிட்டார்காரர்களைக் கூப்பிட்டு வாசிக்க விட்டு, எதுவும் பிடிக்காமல் கடைசியில் கிரேடன் வாசித்தது நின்றது. கார்ல்டன் அந்த ஆல்பத்தின் வேறு பாட்டுகளில் இருக்கிறார், அரேஞ்ச்மென்ட் கிரெடிட்டிலும் இருக்கிறார். அதாவது சோலோ வாசிக்க மட்டும் இவரைக் கூப்பிடவில்லை. அவர்கள் தலையில் இருந்த கார்டுகளை மற்றவர்கள் பார்த்து வாசிக்கிற மாதிரிச் சார்ட்டாக எழுதிக் கொடுக்கவும் இவர் தேவைப்பட்டார்.

ஆனால் குழப்பம் நியாயம்தான். 1978இல் தன் ஆல்பத்தில் ரூம் 335 என்று ஒரு பாட்டு வைத்தார். அதன் கார்டு ஓட்டம் பெக்கின் தம்பி.

பிப்ரவரி 20

ஒரு வாரம் இவருடைய சொந்த ஆல்பங்களை வரிசையாகக் கேட்டேன். திட்டினாலும் பரவாயில்லை. கார்ல்டனின் மிகச் சிறந்த ஆல்பங்கள் எல்லாம் வேறு யாரோ பெயரில் இருக்கின்றன. அவர் பெயரில் வந்தவை சுத்தமாக, மொழுமொழுவென்று, சண்டையே இல்லாமல் இருக்கின்றன. ஃபேகன் மாதிரி ஒரு முசுடு எதிரில் உட்கார்ந்து "வேண்டாம், இன்னொரு தரம்" என்று சொல்லும்போதுதான் இவரிடமிருந்து அந்த இன்னொன்று வருகிறது. தன் வீட்டு ஸ்டுடியோவில் தானே முதலாளியாக இருக்கும்போது வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை.

மாஸ்டருக்கு என் பதிலும் இதுதான். கூலி வேலை இவரை வீணாக்கவில்லை. கூலி இல்லாத வேலையில்தான் கொஞ்சம் வீணானார்.

பிப்ரவரி 22

திட்டு வந்தது, எதிர்பார்த்ததற்கு மேல். 1986இன் அலோன்/பட் நெவர் அலோன் கேட்டாயா என்று இரண்டு பேர். கேட்டேன். முழுக்க அகூஸ்டிக். ஆம்ப் இல்லை, பெடல் இல்லை, அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த எதுவும் இல்லை. அதில் முசுடு யாரும் எதிரில் இல்லாமலே மனுஷன் தன்னைத்தானே அடக்கி வாசித்திருக்கிறார். ஆக, என் கட்சி ரூம் 335 இருக்கிற 1978 ஆல்பத்துக்கும் இதற்கும் செல்லாது. மற்றவற்றுக்குச் செல்லும் என்றே இன்னும் நினைக்கிறேன். ஸ்லீப்வாக் ஆல்பத்துக்காகச் சண்டை போடுகிறவர் போடலாம், பாதி தூரம் கூட வருகிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. கௌச்சோ ஆல்பத்துக்காக (1980) ஸ்டீலி டான் பாடுபட்டு முடித்த ஒரு பாட்டின் டேப்பை ஸ்டுடியோவில் ஒருவர் தெரியாமல் அழித்துவிட்டார். திரும்ப எடுத்துப் பார்த்து, சரிவராமல் கைவிட்டார்கள். அந்த இடத்தை நிரப்ப, ஆஜா காலத்தில் எடுத்து மூலையில் போட்ட டிராக் ஒன்றைத் தூசி தட்டிப் புது வரிகள் வைத்தார்கள். அதுதான் தேர்ட் வேர்ல்ட் மேன். சோலோ கார்ல்டன். கிட் ஷார்லமேனை விட அதுதான் உயர்ந்தது என்பவர்கள் உண்டு. சில நாள் நானும் அந்தக் கூட்டம். யாரோ தப்பான பட்டனை அமுக்காமல் இருந்திருந்தால் அலமாரியிலேயே கிடந்திருக்கும்.

பிப்ரவரி 24

டிவி பக்கம் காசுக்காகப் போனார் என்கிற மாதிரி மாஸ்டர் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அதைப் பேசாமல் விட்டால் நியாயமில்லை.

அமெரிக்க ரேடியோவில் ஒரு பாட்டு ஓடினால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் போகும். வாசித்தவருக்குப் போகாது. டிவி தீமும் அப்படித்தான். ஒவ்வொரு முறை ஒளிபரப்பாகும்போதும் எழுதியவர் கணக்கில் கொஞ்சம் விழும். ஹூஸ் தி பாஸ் 196 எபிசோடு, அதற்கு மேல் மறு ஒளிபரப்பு. உலகமே கும்பிடுகிற கிட் ஷார்லமேன் ரேடியோவில் எத்தனை முறை ஓடினாலும் அந்தச் சோலோவுக்காக ரேடியோக்காரர் தருவது பூஜ்யம். யாரும் கவனிக்காத அந்த சோபாத் தீம் வருடக்கணக்காகச் சோறு போடும்.

டாமி டெடெஸ்கோவைப் பாருங்கள். ஹாலிவுட்டில் அதிகம் ரெக்கார்ட் ஆன கிட்டார் கைகளில் ஒன்று. பொனான்சா தொடரின் தீமில் அவர், மாஷ் தொடரின் தீமில் அவர். வாங்கினது செஷன் கூலி. மாஷ் முதலில் சினிமாவாக வந்தது; தீமுக்கு வரிகள் எழுதியது அந்தப் படத்தின் டைரக்டர் ராபர்ட் ஆல்ட்மனுடைய பதின்வயது மகன். டிவி தொடரில் அந்த வரிகளை யாரும் பாடுவதே இல்லை. இருந்தும், படம் இயக்கிய அப்பாவை விடப் பையன் அதிகம் சம்பாதித்தான் என்று ஆல்ட்மனே சொல்லிச் சிரித்திருக்கிறார். ஸ்டார் ட்ரெக் கதை இன்னும் மோசம். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி, யாரும் பாடப்போவதில்லை என்று தெரிந்தே தீமுக்கு வரிகள் எழுதி, மெட்டுப் போட்ட அலெக்சாண்டர் கரேஜின் ராயல்டியில் பாதியை எடுத்துக்கொண்டார்.

இந்தக் கணக்கு தெரிந்த எந்தக் கிட்டார்காரருக்கும் எழுதுகிற பக்கம் போகத்தான் தோன்றும். மைக் போஸ்டே முதலில் ஸ்டுடியோ கிட்டார்காரர்தான், ஐ காட் யூ பேப் பாட்டில் வாசித்தவர். ஸ்னஃபி வால்டன் 70களில் ஸ்ட்ரே டாக் என்கிற ராக் குழுவில் காது கிழிய வாசித்தவர். பிற்பாடு தி வெஸ்ட் விங் தீமுக்கு எம்மி வாங்கினார். இவர்களோடு வைத்துப் பார்த்தால் கார்ல்டன் டிவி பக்கம் கால் நனைத்தார், அவ்வளவே.

பிப்ரவரி 25

டெடெஸ்கோ பற்றி இன்னும் கேட்கிறார்கள். மாண்டலின், பலலைக்கா, பாஞ்சோ, பூசுக்கி, எதைக் கேட்டாலும் எடுத்துக்கொண்டு போவார். எல்லாவற்றையும் கிட்டார் சுருதியில் வைத்துக்கொள்வார். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற ஒலிப்பதிவாளருக்குச் சத்தம் சரியாக வந்தால் போதும். கிட்டார் ப்ளேயர் பத்திரிகையில் மாதாமாதம் எழுதுவார். எந்த செஷன், என்ன சங்கடம், எவ்வளவு சம்பளம் என்று பைசா சுத்தமாகப் போடுவார். நம்ம ஊரில் யாராவது அப்படி எழுதினால் இரண்டாம் மாதமே போன் அடிப்பது நின்றுவிடும்.

மார்ச் 1

கார்ல்டன் சுடப்பட்ட 1988 சம்பவத்தைச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னார்கள். ஏப்ரல் 6. ஹாலிவுட்டில் அவருடைய ரூம் 335 ஸ்டுடியோ வாசலில், முன்பின் தெரியாத பையன் ஒருவன் சுட்டான். குண்டு தொண்டையில். குரல் நாண் பழுது. நரம்பு அடிபட்டு இடது கை செயலிழந்தது. கிட்டார்காரருக்கு இடது கை என்றால் என்ன என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. பாதியில் நின்ற ஆல்பத்தை முடித்து 1989இல் ஆன் சாலிட் கிரவுண்ட் என்று வெளியிட்டார். வன்முறையில் அடிபட்டவர்களுக்கு உதவ ஒரு அமைப்பும் தொடங்கினார்.

அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரித்து, பின்னால் வந்த வாசிப்பில் வலி தெரிகிறது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லை. விரல் திரும்ப வேலை செய்வது கேட்கிறது, அதுவே எனக்குப் போதும்.

மார்ச் 3

கார்ல்டனின் கருவி விவரம், கேட்டவருக்கு. கிப்சன் இ.எஸ்-335, 1969இல் வாங்கியது. வெளியே பார்த்தால் ஜாஸ் கிட்டார் மாதிரிப் பொள்ளல், நடுவில் முழு நீளத்துக்கு மேப்பிள் கட்டை. அதனால் ஜாஸ் கிட்டாரின் மென்மையும் வரும், வால்யூமைத் தூக்கினால் ஊளையிடாமலும் நிற்கும். காலையில் டிவி, மதியம் சோல், இரவு ராக் என்று ஓடுகிறவருக்கு ஒரே கிட்டாரில் எல்லாம் வேண்டும். ஸ்டுடியோவுக்குச் சின்ன ஃபெண்டர் ப்ரின்ஸ்டன் ஆம்ப். கிட் ஷார்லமேனுக்கு ஃபெண்டர் ட்வீட் டீலக்ஸ். டம்பிள் ஆம்ப் பிறகு வந்தது. அதன் விலையை விசாரிக்காதீர்கள், வீட்டில் நிம்மதியாக இருங்கள்.

என்னிடம் இருப்பது 335இன் மலிவு நகல். நகல் என்பதை அதுவே மறக்க விடாது.

மார்ச் 9

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். 1997இல் ஃபோர்ப்ளே என்கிற ஜாஸ் குழுவில் லீ ரிட்னருக்குப் பதிலாகச் சேர்ந்து 2010 வரை இருந்தார். நல்ல சம்பளம், நல்ல சட்டை, எனக்குத் தூக்கம். ராக் கிட்டார்காரர் ஸ்டீவ் லுகத்தரோடு ஒசாகாவில் எடுத்த லைவ் ஆல்பம் 2001இல் வந்தது, கிராமி வாங்கியது. அது தூக்கம் இல்லை. லுகத்தர் பக்கத்தில் நின்று விரட்டுகிறார், இவர் அவசரப்படாமல் வந்து இரண்டு சுரத்தில் வாயை அடைக்கிறார். எதிரில் ஒரு ஆள் வேண்டும் என்ற என் கட்சிக்கு இதையும் சாட்சியாகச் சேர்த்துக்கொள்கிறேன். ஜப்பானியக் கிட்டார்காரர் டாக் மட்சுமோட்டோவோடு செய்த ஆல்பம் 2010, அதற்கும் கிராமி. ஜப்பான்காரர்கள் இவரை விட மாட்டார்கள்.

மார்ச் 10

நேற்று விட்டுப்போன ஒன்று. ஹூஸ் தி பாஸ் தீமைக் கடைசி சீசன்களில் பாடியவர் ஜொனதன் வுல்ஃப். பிறகு சைன்ஃபெல்ட் தொடருக்கு இசை போட்டவர் அவரேதான். அந்தத் தொடர் முழுக்கக் காட்சிக்குக் காட்சி டொக் டொக் என்று தாவுகிற பேஸ் கிட்டார் இருக்கிறதே, அது கீபோர்டில் தட்டியது. பேஸ்காரர் யாரையும் கூப்பிடவே இல்லை.

கார்ல்டனின் மகன் டிராவிஸ் பேஸ் வாசிப்பவர். நல்லவேளை, அப்பா குழுவிலேயே வேலை இருந்தது.